தையல்நாயகிக்குக் கொடுத்த சொட்டு மருந்து

கண் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். வறண்ட கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்து, "மறக்காம அடிக்கடி விட்டுக்கம்மா" என்று அனுப்புகிறீர்களே, அந்த அம்மா அதை எங்கே உட்கார்ந்து விடுவாள், அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று என்றைக்காவது கேட்டதுண்டா? கேட்டிருக்க மாட்டீர்கள். டோக்கன் கூப்பிடவே உங்களுக்குப் பொழுது போதவில்லை. சமீபத்தில் என் கண்ணைக் காட்ட வந்தபோது பார்த்தேனே. "பாட்டி, போன் பாக்குறதக் கொறைங்க, கண்ண நல்லா மூடி மூடித் தெறங்க" என்று ஒரு பெண் சொல்லி அனுப்பினாள். நல்ல பெண்தான். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் நான் என் சர்வீஸ் முழுக்க உட்கார்ந்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

கண் வறட்சி என்றால் உங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஞாபகம் வருகிறது. எனக்குத் தையல்நாயகி என்கிற ஒரு நடவுக்காரப் பெண்ணின் ஞாபகம் வருகிறது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வயலுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவள் முதலில் வந்தபோது கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு ஏதோ காய்ச்சலுக்கு யாரோ கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், உடம்பு முழுக்கக் கொப்புளம் கிளம்பி, பிழைத்ததே பெரிது என்று எழுந்தவள். தோல் ஆறிவிட்டது. கண் ஆறவில்லை. இமையின் உள்பக்கம் தழும்பு கட்டிவிட்டது, கண்ணீர் சுரக்கும் இடமெல்லாம் அடைந்துவிட்டது. இமை முடிகள் உள்ளே திரும்பி, சிமிட்டும்போதெல்லாம் கருவிழியைக் கீறின. அந்த முடிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவது என் வேலை. முனகக்கூட மாட்டாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சா சிஸ்டர், ஆச்சா சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

எங்கள் டாக்டர் அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து இமைமேல் ஒத்தடம் கொடு. இமை ஓரத்துப் பொருக்கைச் சுத்தமான பஞ்சால் துடை, நகத்தால் நோண்டாதே. உமி அடுப்புப் புகையில் முகத்தைக் காட்டாதே. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எவள் எதைச் சொன்னாலும் கண்ணில் விடாதே. எங்கள் மருந்தாளுநர் கலந்து கொடுக்கும் சொட்டு மருந்தைக் கண் உறுத்த ஆரம்பிக்கும் முன்பே விட்டுக்கொள். ஒரு வேளையும் தவறக்கூடாது. "ஒனக்குக் கண்ணீர் ஊறாது. இந்தப் புட்டியில இருக்கறதுதான் ஒன் கண்ணீர்" என்பார். அவளும் ஒழுங்காகச் செய்தாள். களத்துமேட்டிலும் வரப்பிலும் எல்லார் முன்னாலும் அண்ணாந்து சொட்டு விட்டுக்கொள்வாளாம். மற்ற பெண்கள் "ஒனக்கு மட்டும் கண்ணுக்கு எளநீரா?" என்று கேலி பேசுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கூட வரும் மாமியார் பாக்கியம், "பேசட்டும், கண்ணு போனா அவளுங்களா வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவப் போறாளுங்க" என்பாள். மாமியாரும் மருமகளும் அவ்வளவு ஒட்டிக்கொண்டு இருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

அது எந்தக் காலம் என்றும் சொல்லிவிடுகிறேன். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. கடைத்தெருவில் இருவண்ணக் கொடியும் குடிசைத் தெருக்களில் செங்கொடியும் பறந்தன. மேடையில் மந்திரிகள் தமிழை அருவியாகக் கொட்டினார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மண்டை உடைந்தவர்கள்தான். கூலியை உயர்த்தினால்தான் அறுவடைக்கு இறங்குவோம் என்று கூலியாட்கள், வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுக்கிறேன் பார் என்று மிராசுதார்கள். தையல்நாயகியின் புருஷன் காத்தையன் அப்படி வெளியூர் ஆட்களை மறிக்கப் போனவர்களில் முன்னால் நின்றவன். ஒரு நாள் காலையில் அவன் உடம்பு வாய்க்காலில் கிடந்தது.

யார் செய்தது என்று ஊருக்கே தெரியும். வாய் திறந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

எங்கள் பக்கத்துச் சாவு வீடு உங்களுக்குத் தெரியாததில்லை. தெருத்தெருவாகப் பெண்கள் வந்து செத்தவனின் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஒருத்தி கண்ணீர் மற்றவள் தோளை நனைக்க வேண்டும், அதுதான் முறை. தையல்நாயகியை முதலில் வந்து கட்டிக்கொண்டவள் நாகம்மா. பக்கத்துக் குடிசை, நடவில் இவளுக்கு அடுத்த நிரை. நாகம்மா கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாளாம். காய்ந்திருந்தது. விலகி நின்று தையல்நாயகியின் முகத்தைப் பார்த்தாளாம். கண் சிவந்து கிடந்தது, ஆனால் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. மிராசுதார் வீட்டில் நெல் அவிக்கப் போகிறவள்தானே, புருஷன் எந்த வரப்பில் நிற்பான் என்று காட்டிக்கொடுத்தவளே இவள்தான், இல்லையென்றால் ஏன் அழவில்லை?

அவளுக்குத் தண்ணீர் ஊறாது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கண்நோய் என்று தெரியும். கண்நோய் வந்தால் கண் கலங்கும், பீளை தள்ளும். இது என்ன, அழுகையே வராத நோய்? அப்படி ஒன்று இருக்கும் என்று எவரும் நம்பவில்லை. கோபத்தை மிராசுதார் வீட்டு வாசலில் காட்ட முடியாதவர்களுக்கு, காட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டாள். போலீஸ்காரர்களுக்கு அதைவிட வசதி. கூலித் தகராறு குடும்பத் தகராறாகிவிட்டால் பெரிய இடத்தைத் தொட வேண்டியதில்லை பாருங்கள். அவளைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டார்கள்.

பாக்கியம் மட்டும் எங்கள் ஓ.பி.க்கு ஓடிவந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், தலையை முடியக்கூட இல்லை.

"டாக்டரய்யா, எம் மருமவளப் புடிச்சு வச்சிருக்காங்க. புருசன் செத்ததுக்கு ஏன் அழுவலைன்னு கேக்குறாங்க. கேஸு போட்டு உள்ள தள்ளிருவாங்க போலருக்கு. அவளுக்குத் தண்ணி ஊறாதுன்னு நீங்கதானய்யா சொன்னீங்க. வந்து அந்த ஒரு வார்த்தையச் சொல்லுங்கய்யா."

டாக்டர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. எனக்கு அப்போது கோபமாகத்தான் இருந்தது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் போன் செய்து, அந்தப் பெண்ணுக்கு இன்று இமை முடி எடுக்காவிட்டால் கண் போய்விடும், ஸ்டேஷனில் வைத்துக் கண் போனால் நான் எழுதவேண்டியதை எழுதுவேன் என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டரே ஜீப்பில் அவளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஓ.பி.யில் கூட்டம் நெரிந்தது. அவள் ஊர்க்காரர்களும் சிலர் பின்னாலேயே வந்திருந்தார்கள்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு. இவளுக்குக் கண்ணு தெரியுதுல்ல? நல்லாத் தெரியுதுன்னு எழுதிக் குடுத்துடுங்க, போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியுது. கண்ணீர் சுரக்காது. ரெண்டையும் சேத்துத்தான் எழுதுவேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "கண்ணீர் இல்லாத பொம்பளையா? என்ன டாக்டர், நீங்களும் பட்டப்பகல்ல கதை விடுறீங்க. கொஞ்சம் கதவைச் சாத்துங்க, பேசுவோம்."

"தெறந்தே இருக்கட்டும் சார், காத்து வரட்டும்" என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், பட்டை எடுங்க. மொதல்ல சார் கண்ணுல வைங்க" என்றார்.

கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கும் காகிதப் பட்டையைக் கீழிமைக்குள் மடித்துச் செருக வேண்டும், உங்களுக்குத் தெரியும். காக்கிச் சட்டைக்காரர் கண்ணில் விரல் வைக்க எனக்குத் தைரியம் எங்கே? ஆனால் வாசல் முழுக்கத் தலைகள். இவ்வளவு பேர் பார்க்கையில் ஒரு காகிதத்துக்குப் பயந்தவர் என்று பேர் வாங்க அவருக்கும் மனம் இல்லை. உட்கார்ந்தார். செருகியவுடனே அவர் கண் கலங்கி, பட்டை நனைந்து, மீசை வரைக்கும் ஒழுகியது. வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அதே மாதிரிப் பட்டையைத் தையல்நாயகிக்கு வைத்தேன். அவள் அண்ணாந்தபடியே உட்கார்ந்திருந்தாள். எடுத்தபோது மடித்துவைத்த காகிதம் அப்படியே மொடமொடவென்று இருந்தது. டாக்டர் இரண்டு பட்டைகளையும் உயர்த்தி எல்லாருக்கும் காட்டினார். அன்று மாலையே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூடிய அறைக்குள் நடந்திருந்தால் அந்தக் காகிதம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். என் கோபம் எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்கு அன்று விளங்கியது. அவசரம் என்று வரும்போது எங்கே நிற்பது என்பதை அந்த மனிதர் முதலில் முடிவு செய்துகொள்வார்.

அவள் கிளம்பும் முன் உள்ளே கூட்டிப்போய் முடிகளைப் பிடுங்கினேன். அன்றைக்கு "ஆச்சா சிஸ்டர்" என்று கேட்கவில்லை. எல்லாம் முடிந்தபின், "அழுதா பாரம் கொறையும்னு சொல்றாங்களே சிஸ்டர், நெசமா?" என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவள் முன்னால் அழக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

போலீஸ் விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. காகிதத்தைப் பார்த்தவர்கள் சிலர்தான். பார்க்காதவர்கள், மிராசுதார் டாக்டரையும் வளைத்துவிட்டார் என்று பேசினார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். கருமாதிக்கு முன்பு மாமியாரும் மருமகளும் திரும்ப வந்தார்கள். சொட்டு மருந்துப் புட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பாக்கியம் என்னிடம் கேட்டாள்.

"சிஸ்டரம்மா, இதை எத்தனை சொட்டு விட்டா கன்னத்துல எறங்கும்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"கருமாதிக்குப் பொம்பளைங்க வந்து கட்டிக்குவாங்க. தோளு நனையணும்மா. இந்தத் தடவையும் நனையலைன்னா இவ அந்த ஊருல இருக்க முடியாது."

"வேணாம் அத்தே" என்றாள் தையல்நாயகி. "அவருக்குப் போயி மருந்துத் தண்ணிய விடச் சொல்றீங்களே."

"செத்தது எம் புள்ள. நான் சொல்றேன், விடு. அவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "இது கண்ணக் காப்பாத்துற மருந்தும்மா" என்றார். பாக்கியம், "அதைத்தானய்யா நானும் கேக்குறேன், காப்பாத்துங்க" என்றாள். அவர், "சிஸ்டர், இன்னொரு புட்டி சேத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சரிதான் என்று எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. வேறு வழி என்ன இருந்தது?

கருமாதி அன்று நடந்ததைப் பாக்கியம் பிறகு சொன்னாள். பெண்கள் வாசலில் நுழையும்போது, முகத்தைத் துடைத்துவிடுகிற சாக்கில் மருமகள் முகத்தில் முந்தானையைப் போட்டு அதன் மறைவில் இரண்டு கண்ணிலும் மருந்தை ஊற்றியிருக்கிறாள். முந்தானையை எடுத்தபோது கன்னம் இரண்டும் வழிந்தன. கட்டிக்கொண்ட நாகம்மா தன் தோள் நனைந்ததும், "எங்க தையலு அழுதுட்டாடீ" என்று கூவிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாளாம். கூட்டம் மொத்தமும் குமுறி அழுதிருக்கிறது. அதற்குப் பிறகு எவரும் ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. டாக்டரின் இரண்டு காகிதப் பட்டையும் செய்யாததை அந்தப் புட்டி செய்துவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லவே வந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பின் தையல்நாயகி வரவில்லை. நல்லபடியாக இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இதற்கிடையில் டாக்டர் தொலைதூரத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் நல்லவர், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். நடவு முடிந்த சமயம் ஒரு நாள் பாக்கியம் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். விளக்கை அடித்துப் பார்த்தேன். வலது கருவிழியில் வெள்ளை விழுந்துவிட்டது. இமை ஓரமெல்லாம் பொருக்குத் தட்டி, முடி உள்ளே காடாக வளர்ந்திருந்தது. அந்தக் கண் இனித் திரும்பாது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கத்திவிட்டேன்.

"மருந்து எங்கடி? புட்டியக் குடுத்தனே, என்ன செஞ்ச?"

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். புட்டி பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

"எங்க போயி விடுவேன் சிஸ்டர்? வயல்ல நாகம்மா பக்கத்து நெரையில நிக்கிது. ஊட்டுக்கு வந்தா கீத்துத் தட்டிதான் சொவரு, எந்நேரமும் யாராச்சும் எட்டிப் பாக்குறாங்க. நான் அண்ணாந்து ஊத்தி அது கன்னத்துல எறங்குனா, அன்னிக்கி அழுததும் இதுதானான்னு கேக்க மாட்டாங்களா?"

முன்பு வரப்பில் நின்று எல்லார் முன்னாலும் விட்டுக்கொண்டவள். கருமாதிக்குப் பிறகு அந்தப் புட்டி அவள் மறைத்துவைக்க வேண்டிய பொருளாகிவிட்டது. களத்துத் தூசியையும் அரிக்கிற நெல் சுணையையும் பதரையும் அந்தக் காய்ந்த கண்ணோடு ஒரு பருவம் முழுக்கத் தாங்கியிருக்கிறாள். பாக்கியம் சுவரோரம் குந்தியிருந்து தன் வாயில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த கண்ணைக் காப்பாற்ற வேண்டும். மறக்காமல் விடு என்று இவளிடம் தொண்டை கிழியக் கத்தி என்ன பயன்? வீட்டுக்குப் போய் யோசித்தேன். புதிய டாக்டரிடம் போய், அறுவடை வரப்போகிறது, களத்துத் தூசியில் பெண்களுக்குக் கண் கெட்டுப்போகிறது, அந்த ஊரில் ஒரு முகாம் போடலாம் சார் என்றேன். அவர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். ஊர்ப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நடவுக்காரப் பெண்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்தேன். வெந்நீர் ஒத்தடம், இமை ஓரம் துடைப்பது, தூற்றும்போது முகத்தில் துணி கட்டுவது எல்லாம் செய்து காட்டி, எல்லார் கண்ணிலும் சொட்டு விட்டு, ஆளுக்கொரு புட்டியும் கொடுத்தேன். ஊரே அண்ணாந்து சொட்டு விட்டால் இவள் விடுவதை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதுதான் என் கணக்கு.

நாகம்மாவின் முறை வந்தது. சொட்டு விட்டேன். கண்ணை மூடித் திறந்தாள். மருந்து வழிந்து கன்னத்தில் இறங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தையல்நாயகியைப் பார்த்தாள். நான் போட்ட கணக்கில் இது இல்லை. ஒருத்தியை மறைக்க வந்து நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நாகம்மா எழுந்து போனாள். தையல்நாயகியின் வெள்ளை விழுந்த கண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் தன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "குளுகுளுன்னு இருக்குடி. வயல்ல எனக்கு மறந்துபோவும், நீ விடறப்ப எனக்கும் விட்டுவுடு" என்றாள். அன்றிலிருந்து வரப்பில் இருவரும் சேர்ந்துதான் விட்டுக்கொண்டார்கள். இடது கண் தப்பியது. காத்தையன் கேஸில் எவரும் உள்ளே போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பல வருஷம் கழித்துப் பாக்கியம் இறந்துபோனாள். எனக்குச் சொல்லிவிட்டார்கள், பஸ் பிடித்துப் போனேன். தையல்நாயகி நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் தோள் காய்ந்தே இருந்தது, யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. நாகம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சாம்பிராணிப் புகை அந்தச் சின்ன வீட்டில் சுழன்று சுழன்று வந்தது. மிச்சமிருக்கும் அந்த ஒரு கண்ணுக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பதைத்தது. பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு அவளிடம் குனிந்தேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப வேணாம் சிஸ்டர். அவருக்குத்தான் மருந்துத் தண்ணிய விட்டுட்டேன். எங்க அத்தைக்காச்சும் நெசமா அழுதுக்கறேன்."